மூச்சுதான் விடுகிறது

"வாயை வாயைத் திறக்குதே, கோபமா இருக்கா தம்பி?" என்று, பாம்புபோல் நீண்ட அஞ்சாளை மீனைப் பற்றி, என்னோடு கடலில் முங்க வந்திருந்த அக்கா கேட்டார். "இல்லக்கா, மூச்சுதான் விடுது. பயப்படாதீங்க" என்றேன். இந்தப் பதிலைத்தான் இன்னும் மனதுக்குள் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

சொன்னது பொய்யில்லை. மற்ற மீன்களுக்கு இருப்பது போன்ற அகலமான செவுள்மூடி அஞ்சாளைக்கு வெளியே தெரியாது. கழுத்தோரம் ஒரு சிறு துளைதான். வாயை ஓயாமல் திறந்து மூடித்தான் செவுளுக்குத் தண்ணீர் தள்ளும். தூத்துக்குடியில் அஞ்சாளை என்றாலே பாம்பைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள். மொரீஷியஸ் தீவில், ஃபிளிக் ஆன் ஃபிளாக் கடற்கரையில் முங்குநீச்சல் வழிகாட்டியாக வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்தப் பழியைத் துடைப்பது என் கடமை என்றே நினைத்திருந்தேன். அதன்மேல் எனக்கு அவ்வளவு பிரியம்.

பன்னிரண்டு மீட்டர் ஆழத்தில் அக்கா பொந்துக்கு நேரே கையை நீட்டினார். அது விரலைப் பிடித்தது. உள்நோக்கி வளைந்த பற்கள்; தொண்டைக்குள் இன்னொரு தாடை வேறு. அந்த இரண்டாம் தாடை முன்னால் வந்து இரையை உள்ளே இழுப்பதை 2007-ல்தான் படம்பிடித்துக் காட்டினார்கள். பயந்துபோய் அவர் கையை வெடுக்கென்று இழுத்ததில் சதை கிழிந்துவிட்டது. அந்த ஆழத்தில் ரத்தம் சிவப்பாகத் தெரியாது, பச்சையாகத் தெரியும். அது எனக்குத் தெரியும். இருந்தாலும் கைகால் நடுங்கிவிட்டது.

படகில் துணியைச் சுற்றிக்கொண்டு, "கோபமில்லைன்னு சொன்னீங்களே தம்பி" என்றார். குற்றம் சாட்டும் குரல் இல்லை. நிஜமாகவே கேட்டார்.

கையை நீட்டக்கூடாது என்று கிளம்பும் முன்பே எல்லோருக்கும் சொல்லியிருந்தேன், ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும். அது என் வேலை, செய்தேன். ஆனால் தமிழில் அவரிடம் தனியாகச் சொன்னது 'பயப்படாதீங்க' மட்டும்தான். எச்சரிக்கை அந்த மொழிகளில், ஆறுதல் நம் மொழியில். ஒரு மனிதர் எதை எடுத்துக்கொள்வார்?

இன்னொன்றும் இருக்கிறது. அந்த அஞ்சாளைக்கு எங்கள் படகிலிருந்தே மீன்துண்டு கொடுத்துப் பழக்கியிருந்தார்கள், விருந்தினர் பார்க்க வெளியே வரட்டும் என்று. நானும் இரண்டு முறை கொடுத்திருக்கிறேன். அப்புறம் நிறுத்திவிட்டேன். நிறுத்தியது போதும் என்று நினைத்தேன்.

செங்கடலில் களவா மீன் பொந்துக்கு முன் வந்து தலையை ஆட்டுமாம். அஞ்சாளை கிளம்பிவர, இரண்டும் சேர்ந்து வேட்டைக்குப் போகுமாம். ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். அழைப்பைப் புரிந்துகொள்ளும் பிராணி அது. கண் மந்தம், மோப்பம் கூர்மை. பொந்துக்கு முன் நீளும் கை என்றால் சாப்பாடு என்று அதற்குச் சொல்லிக்கொடுத்தது நாங்கள்தான். அப்படியானால் கோபமில்லை என்று நான் சொன்னது இன்னும் உண்மையாகிறது. அதுதான் என்னை உறுத்துகிறது.

இதை அக்காவிடம் சொல்லவில்லை. முதலாளி அருகில் இருந்தார் என்பது ஒரு காரணம். மருத்துவமனையில் அவர் இல்லையே, அங்கேயும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் வேறொரு குழுவோடு அதே இடத்தில் இறங்கினேன். எங்களைக் கண்டதும் அது பாதி உடலை வெளியே நீட்டி என் பக்கம் வந்தது. கைகளை அக்குளுக்குள் இடுக்கிக்கொண்டேன். அது வெகுநேரம் போகாமல் வாயைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தது.