புற்றுநோய் நிதிக்குக் காசு சேர்க்க இறங்குகிறவர்களுக்கு: மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து நடைமுறை

அம்மாவுக்கோ அப்பாவுக்கோ வருத்தம் வந்து மாதக்கணக்கில் கிளினிக் வாசலில் நின்ற பிள்ளைகளுக்கு, ஆஸ்பத்திரிக்கு ஒரு மெஷின் வாங்கிக் கொடுக்க வேண்டும் என்றுதான் முதலில் தோன்றும். அந்த யோசனையைத் தள்ளி வையுங்கள். 2011இல் தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை 27 நாள், ஏறக்குறைய 670 கிலோமீற்றர் நடந்து தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குக் காசு சேர்த்தார்கள். 2016இல் கொழும்புப் பக்கம் மகரகமையில் உள்ள தேசிய புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் பெட் ஸ்கேன் (உடம்பில் புற்றுநோய் எங்கெங்கே இருக்கிறது என்று காட்டும் மெஷின்) வாங்க நாடு முழுக்கத் தண்டினார்கள். அந்த அளவு வேலையை ஒரு ஊர்ச் சங்கத்தால் இழுக்க ஏலாது. மெஷினை வாங்கினாலும் சுகாதார அமைச்சின் சம்மதம், சேர்விஸ் ஒப்பந்தம், இயக்குகிற ஆள் என்று பின்னால் ஒரு வரிசை நிற்கும்.

அரச ஆஸ்பத்திரியில் கீமோவும் கதிர்ச் சிகிச்சையும் இலவசம். வீட்டைச் சாய்ப்பது மற்றச் செலவுதான்: வாகரையிலிருந்தோ திருக்கோவிலிலிருந்தோ மகரகமைக்குப் போய்வரும் பஸ் காசு, துணைக்குப் போகிறவரின் சாப்பாடு, தங்குமிடம், வெளியில் எடுக்கச் சொல்லும் ஸ்கேன், கொலொஸ்டமி பை (குடல் ஒப்பரேஷனுக்குப் பிறகு வயிற்றில் மலம் சேர ஒட்டும் பை), பம்பர்ஸ். படுக்கையில் கிடக்கிறவருக்குப் புண் வராமல் பம்பில் ஓடும் காற்று மெத்தை. ஊரில் சேர்க்கிற காசு இந்த இடத்தில்தான் வேலை செய்யும்.

மருந்து வாங்கிக் கொடுக்கிறோம் என்று மட்டும் நோட்டீசில் போட வேண்டாம். மருந்து நன்கொடைக்கு தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் விதிகள் இருக்கின்றன. சில மருந்துகள் குளிரிலேயே இருக்க வேண்டும். டொக்டர் நடுவில் மருந்தை மாற்றினால் வாங்கியது அப்படியே கிடக்கும். மருந்துக்குத் தவிக்கிற குடும்பத்தை முதலில் ஜனாதிபதி நிதியத்துக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். 2025 முதல் அந்த விண்ணப்பத்தைப் பிரதேச செயலகத்திலேயே கொடுக்கலாம். கொழும்புக்கு அலையத் தேவையில்லை. சமூக சேவைத் திணைக்களத்தின் புற்றுநோயாளர் உதவிப்பணத்தையும் அங்கேயே விசாரிக்கலாம்.

முதல் தடவை என்றால் சொந்தமாகச் சங்கம் தொடங்காமல், இயங்குகிற அமைப்பு ஒன்றுக்குச் சேர்த்துக் கொடுப்பதுதான் புத்தி. அவர்களிடம் மூன்று கடதாசி கேளுங்கள்: பதிவுச் சான்றிதழ், போன வருடத்துக் கணக்காய்வு அறிக்கை, அவர்கள் பெயரில் நீங்கள் காசு சேர்க்கலாம் என்ற கடிதம். மூன்றாவதைத் தரப் பின்வாங்கினால் வேறு இடம் பாருங்கள். அந்தக் கடிதத்தின் பிரதியோடு கிராம சேவகரையும் பிரதேச செயலகத்தையும் பொலிசையும் கண்டு, எழுத்தில் அறிவித்துவிட்டுத்தான் வீடு வீடாகப் போக வேண்டும். ஒலிபெருக்கிக்குத் தனியாகப் பொலிஸ் அனுமதி. டிக்கெட் போட்டு நிகழ்ச்சி வைத்தால் மாநகர சபையிலோ பிரதேச சபையிலோ கேளிக்கை வரி விலக்கு கேட்டு, டிக்கெட்டுக்குச் சீல் வாங்க வேண்டும். பரிசுச் சீட்டு அடிக்கலாம் என்று யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார். அது லொத்தர் சட்டத்துக்குள் வரும், அனுமதியில்லாமல் தொடாதீர்கள்.

காசு யாருடைய சொந்தக் கணக்குக்கும் வரக் கூடாது. ஊர்ச் சங்கமாகவே சேர்ப்பதானால், சங்கக் கணக்குத் திறக்க யாப்பு (சங்க விதிகள்), தீர்மானம் எழுதிய கூட்ட அறிக்கை, பொறுப்பாளர்களின் அடையாள அட்டை ஆகியவற்றை வங்கி கேட்கும். கையொப்பம் மூவரில் இருவர், அதில் ஒருவர் பொருளாளர் என்று வைப்பது நல்லது. வெளிநாட்டுச் சொந்தங்கள் இணையத்தில் காசு சேர்க்கும் கோஃபண்ட்மீ என்பார்கள். அது இலங்கை வங்கிக் கணக்குக்குக் காசு அனுப்பாது. லண்டனிலோ கனடாவிலோ உள்ள ஒருவர் தன் பெயரில் திறந்து, பிறகு வங்கி வழியாக அனுப்ப வேண்டியிருக்கும். உண்டியலில் (வங்கி இல்லாமல் ஆள் வழியாகக் காசு மாற்றுவது) அனுப்பினால் வேகம்தான், ஆனால் கணக்குக் காட்டத் துண்டு இருக்காது.

ஊரில் கையோடு காசு வருவது புரியாணிப் பொதியில்தான். 200 பொதிக்கு 40 கிலோ அரிசி, எலும்போடு 32 கிலோ கோழி, 200 முட்டை. ஒரு கிடாரத்தில் (பெரிய சமையல் பாத்திரம்) அதன் அளவுக்கு மேல் அரிசி போட்டால் அடி குழைந்து மேல் வேகாது. காத்தான்குடி அல்லது ஏறாவூர்ச் சமையல்காரரைப் பிடித்து ஹலால் கோழி போட்டால் தமிழர், முஸ்லிம்கள் இரண்டு பக்கத்தாரும் வாங்குவார்கள். நாள் பார்ப்பதுதான் சிக்கல். வெள்ளியில் சைவ வீடுகள் மச்சம் (மீன், இறைச்சி) எடுக்காது. வைகாசியில் கண்ணகியம்மன் சடங்கு, புரட்டாதிச் சனி, கந்தசஷ்டி, திருவெம்பாவை, நோன்பு மாதம் எல்லாம் விலக்கு. கார்த்திகை, மார்கழி மழையில் ரோட்டே இருக்காது. மிஞ்சுகிற ஞாயிற்றுக்கிழமைகளில் சம்பளம் கிடைத்த முதல் வாரத்தைப் பிடியுங்கள்.

சுடச்சுடச் சோற்றைப் பெட்டியில் போட்டு மூடினால் வியர்த்து, பின்னேரத்துக்குள் புளித்துவிடும். பரப்பி ஆவி போகவிட்டு, பத்தரைக்குக் கட்டத் தொடங்கி, ஒரு மணிக்குள் கொடுத்து முடிக்க வேண்டும். பி.எச்.ஐ.க்கு (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அரிசியை ஆலைக்காரரிடமும் கோழியைப் பண்ணைக்காரரிடமும் அன்பளிப்பாகக் கேளுங்கள். செலவு, பொதிக்கு முன்கூட்டி விற்கிற டிக்கெட் விலையில் பாதியைத் தாண்டினால் அந்த மெனக்கேடு வீண். நட்டம் வருவது சமையலில் அல்ல, டிக்கெட்டில். டிக்கெட் புத்தகம் எடுத்தவர் விற்றதைச் சொல்லாமல், விற்காததையும் திருப்பித் தராமல் இழுப்பார். புத்தகத்துக்கு இலக்கம் போட்டு, கையெழுத்து வாங்கிக் கொடுத்து, மூன்று நாள் முன்னமே அடிக்கட்டையைக் காசோடு வாங்கிவிட வேண்டும். அந்த எண்ணிக்கைக்கே அரிசி போடுங்கள். ஐந்து வீதம் கூட்டினால் போதும்.

அம்பாறைப் பக்கம் காசு கேட்பதைவிட நெல்லுக் கேட்பது லேசு. பெரும்போக வெள்ளாமை வெட்டுகிற மாசி, பங்குனியில் வட்டவிதானையை (வயல் கண்டத்துக்குப் பொறுப்பானவர்) பிடித்தால், போடிமார் (பெரிய வயல்காரர்) களத்திலேயே ஒரு மூடை இரண்டு மூடை தருவார்கள். மெஷின் வெட்டிய நெல் ஈரமாக வரும். நெல் சந்தைப்படுத்தும் சபை 14 வீத ஈரப்பதத்துக்கு மேல் எடுக்காது. காய வைக்கத் தளமும் ஆளும் இல்லையென்றால் ஆலைக்குப் பச்சையாகவே அன்றே தள்ளிவிடுங்கள். விலை குறையும், ஆனால் முளைத்துப் போகாது. எடை போட்ட துண்டைக் கட்டாயம் வாங்கி வையுங்கள்.

நோட்டீசில் நோயாளியின் முகமும் கிளினிக் கொப்பியும் வேண்டாம். அந்தப் படத்தை எடுத்து வேறு கணக்கு இலக்கம் போட்டுச் சுற்றுகிற கூட்டம் இருக்கிறது. கணக்கின் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டு, "பெயர் சரியா என்று பார்த்து அனுப்பவும்" என்று கீழே எழுதுங்கள்.

ஆஸ்பத்திரிக்குக் காசாகக் கொடுத்தால் சிறாப்பரிடம் (காசாளர்) கட்டி, அரச ரசீது வாங்க வேண்டும். வாட்டில் யார் கையிலும் கொடுக்க வேண்டாம். பொருளானால் பணிப்பாளரின் ஏற்புக் கடிதத்தோடு, பொருட்பதிவேட்டில் ஏறிய பக்கத்தின் பிரதியையும் கேளுங்கள். வீடுகளுக்கு இரவல் கொடுக்கிற காற்று மெத்தைக்கு இலக்கம் ஒட்டி, தொலைபேசி இலக்கம் எழுதிக் கொடுங்கள். திரும்பி வந்ததும் பம்பை ஒரு இரவு ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் பழுது மோட்டரில் இருக்காது, குழாய் கட்டிலுக்கு அடியில் மடிந்து வெடித்திருக்கும்.

வரவு செலவை ஒரு தாளில் எழுதிக் கோயிலிலும் பள்ளிவாசலிலும் சேர்ச்சிலும் ஒட்டுங்கள். மிஞ்சிய காசை அடுத்த கூட்டத்தில் தீர்மானம் எடுத்து அதே அமைப்புக்கு மாற்றுங்கள். சங்கத்தைத் தொடர்ந்து நடத்துகிற எண்ணமில்லையென்றால் கணக்கை மூடி, வங்கி தருகிற கடிதத்தை அடிக்கட்டைகளோடு கோவையில் போட்டுப் பொருளாளரிடம் கொடுத்துவிடுங்கள்.