மூக்கில் ஒரு காண்டாமிருகம்

அம்மாவுக்குக் காது வலி. காட்பாடியிலிருந்து பஸ் பிடித்து வேலூரில் ஒரு ஆஸ்பத்திரி. எங்கள் டோக்கன் 64, உள்ளே போயிருப்பது 21. பொழுது போகாமல் கதவுக்கு மேலிருந்த பலகையை எழுத்துக் கூட்டினேன்: ஓட்டோரைனோலாரிங்காலஜி. ஆங்கிலத்தில் 19 எழுத்து, அதில் ‘ஓ’ மட்டும் ஐந்து!

பிரித்தால் எல்லாம் கிரேக்கம். ஓட்டோ காது, ரைனோ மூக்கு, லாரிங்கோ குரல்வளை. ரைனோசெரஸிலும் அதே ரைனோதான். மூக்கில் கொம்புள்ளது என்று அர்த்தம். அம்மாவிடம் சொன்னேன்.

“அப்போ காண்டாமிருகத்துக்கும் இங்கதான் பாக்கறாங்களா?” என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கேட்டார். எதிர் பெஞ்சில் மாத்திரை பிரித்துக்கொண்டிருந்த ஆம்பூர்க்காரர் சிரித்துவிட்டார்.

இடம் பார்க்காமல் இப்படிக் கிண்டலடிப்பதற்கும் ஒரு சொல் உண்டு: ஃபசீஷியஸ். ஆங்கிலத்தின் ஐந்து உயிரெழுத்தும் அதில் வரிசை மாறாமல் வரும்.

டோக்கன் இப்போது 29.