உன் கால் கோட்டுல இல்ல!

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் 18 ஆண்டுகளாகக் கீழ் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தமிழும் கணிதமும் சொல்லிக்கொடுக்கிறேன். தோட்டத்தில் 7 முதல் 14 வயதுக்குள் பத்துப் பிள்ளைகள் இருந்தால் நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. அப்படி லயத்துப் பிள்ளைகளுக்காக, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் வளர்ந்தவர்களுக்காக, முளைத்த பள்ளிகளில் எங்களுடையதும் ஒன்று. இன்று லயங்கள் இல்லை. சுற்றிலும் செம்பனை. திடலோரம் மட்டும் நாலைந்து கிழட்டுப் பால்மரங்கள், அதாவது ரப்பர் மரங்கள், நிற்கின்றன. திடல் இன்னும் இருக்கிறதே, அது பெரிய கொடுப்பினை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்தத் திடலைக் காட்டித்தான் பிள்ளைகளை மிரட்டினேன். வீட்டுப்பாடம் செய்யாதவர்கள் ஓய்வு நேரத்தில் வகுப்பிலேயே உட்கார்ந்து எழுதி முடிக்க வேண்டும். உடற்கல்விப் பாடவேளையும் பல நாள் கணிதப் பயிற்சிக்குப் போய்விடும். ஆறாம் ஆண்டு முடிவில் எழுதும் யு.பி.எஸ்.ஆர். என்ற அரசுத் தேர்வு இருந்த காலம் அது. ஆறாம் ஆண்டு நெருக்கடி ஒன்றாம் ஆண்டு வரை இறங்கி வரும். நான் பிடித்து வைத்த முகங்களை இப்போது நினைத்தால் மனசு கனக்கிறது. வாராவாரம் அதே ஐந்தாறு பேர்தான். விடியுமுன் வேலைக்குப் போகும் தாய்தகப்பன், வீட்டில் பாட்டி மட்டும், எழுத்துக் கூட்டவே திணறல். திடல் யாருக்கு அதிகம் வேண்டுமோ அவர்களைத்தான் அடைத்து வைத்திருந்தேன்.

என்னை மாற்றியவள் ஒன்றாம் ஆண்டுச் சிறுமி. மூன்று மாதமாக வகுப்பில் அவள் குரலை நான் கேட்டதே இல்லை. எழுந்து நிற்கச் சொன்னால் மேசை விளிம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டிருப்பாள். ஒருநாள் ஓய்வு வேளையில் எனக்குத் திடல் கண்காணிப்பு. பிள்ளைகள் கலா பாஞ்சாங் ஆடிக்கொண்டிருந்தார்கள். தரையில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டு, கோட்டுக்கு ஒருவர் காவல் நிற்பார்கள். மற்றவர்கள் தொடுபடாமல் கடந்து போய்த் திரும்ப வேண்டும். காவல்காரர் கால் கோட்டை விட்டு விலகினால் தொட்டது செல்லாது. மூன்றாம் ஆண்டுப் பையன் ஒருவன் அவளைத் தொட்டுவிட்டு "அவுட்டு" என்று கத்தினான். அவள் நகரவில்லை.

"உன் கால் கோட்டுல இல்ல. கோட்டுல இல்லன்னா தொட்டது செல்லாது. இந்தா பாரு, உன் சப்பாத்துத் தடம் இங்க இருக்கு!"

முதல் நாள் மழையில் மண் ஈரமாக இருந்தது. தடம் கோட்டுக்கு ஒரு சாண் தள்ளிப் பளிச்சென்று தெரிந்தது. பையன் குனிந்து பார்த்தான். பேசாமல் கோட்டுக்குத் திரும்பினான்.

நான் அசந்து போனேன். ஒரு மறுப்பு, அதற்கு ஒரு விதி, விதிக்கு ஒரு சான்று. மேல் வகுப்பில் கருத்து விளக்கக் கட்டுரை எழுதச் சொல்லி நாங்கள் மல்லுக்கட்டுவது இதற்குத்தானே? அந்த மூன்று வரியையும் அன்றே மணிலா அட்டையில் எழுதி மறுநாள் வகுப்பில் மாட்டினேன். அவள் அருகில் வந்து, விரலை வைத்து, "உன்... கால்... கோட்டுல..." என்றாள். உண்மையில் படித்தாளா, நினைவிலிருந்து சொன்னாளா என்று சக ஆசிரியை கேட்டார். வாயில் ஏற்கெனவே இருக்கும் சொல்லை எழுத்தில் அடையாளம் காண்பதுதான் படிப்பின் முதல் படி என்பது என் நம்பிக்கை. அடுத்த வாரம் அதன் கீழேயே "உன் கால் கோட்டில் இல்லை" என்று எழுதினேன். பேச்சுத் தமிழிலிருந்து எழுத்துத் தமிழுக்குப் போவது நம் பிள்ளைகளுக்குப் பெரிய தாண்டல். அவர்கள் சொன்ன வாக்கியத்திலிருந்தே தொடங்கியபோது பயம் குறைந்ததைக் கண்ணால் பார்த்தேன். இன்றும் திடலுக்குப் போகும்போது சின்னக் குறிப்பேடு ஒன்றைக் கையில் வைத்திருக்கிறேன்.

கணிதத்துக்குப் பால்மரம் இருக்கிறது. வெயில் காலத்தில் காய் 'பட்'டென்று வெடித்துச் சிதறும். ஒரு காயில் பெரும்பாலும் மூன்று கொட்டை. மூன்றாம் வாய்பாட்டைப் பிள்ளைகள் பொறுக்கிக்கொண்டே சொல்வார்கள். கொட்டையைச் சிமெண்டில் தேய்த்து அடுத்தவன் கையில் சூடு வைத்துவிட்டு, "ஏன் டீச்சர் சுடுது?" என்று அவர்களே கேட்கும்போது அறிவியல் பாடமும் தொடங்கிவிடுகிறது.

2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து பள்ளிகள் மூடின. திறந்தபோது பலர் புத்தகத்தை மூக்கருகே பிடித்துப் படித்தார்கள். வீட்டுக்குள் கைப்பேசியோடு கழிந்த மாதங்கள். கிட்டப்பார்வையைத் தள்ளிப்போடத் தைவான் பள்ளிகளில் நாளுக்கு 120 நிமிடம் பிள்ளைகளை வெளியில் இருக்க வைக்கும் திட்டம் 2010இல் தொடங்கியது. உலகச் சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயதினருக்கு நாளுக்குச் சராசரியாக 60 நிமிட உடலியக்கம் வேண்டும் என்கிறது.

"படிக்க அனுப்பினா வெளையாட விடுறீங்களே டீச்சர்" என்று வரும் தாய்மாரிடம் இதையெல்லாம் சொல்வதில்லை. "பத்து நிமிஷம் திடலோரம் நின்னு பாத்துட்டுப் போங்கம்மா" என்பேன். பள்ளிச் சீருடையில் வெள்ளைச் சப்பாத்து போய்க் கறுப்பு வந்த பிறகு சேற்றுக் கறைச் சண்டையும் குறைந்திருக்கிறது.

எங்கள் ஓய்வு நேரம் சிறியது. சிற்றுண்டிச்சாலை வரிசை போக ஏழெட்டு நிமிடம்தான் மிஞ்சும். தண்டனை என்ற பெயரில் அதைப் பிடுங்க வேண்டாம் என்று ஆசிரியர் கூட்டத்தில் இரண்டு முறை கேட்டுவிட்டேன். அடுத்த கூட்டம் இந்த வெள்ளிக்கிழமை. அந்த மணிலா அட்டையைக் கையோடு கொண்டுபோகிறேன்.