ஜெஃபர்சனின் பத்திரிகைக்காரர் வில்லியம் டுவேன்

அமெரிக்க அரசியல் பத்திரிகையின் ஆரம்ப காலத்தைப் பேசினால், பின்னால் ஜனாதிபதியான ஜெஃபர்சனுக்காக எழுதிய வில்லியம் டுவேனைத் தவிர்க்க முடியாது. அவர் முதலில் மாட்டிக்கொண்டது நம் காவிரிக்கரையில் திப்பு சுல்தானோடு நடந்த சண்டையால்தான். 1791-இல் தஞ்சாவூருக்கு மேற்கே, ஆற்றின் மேல்பக்கத்தில், ஸ்ரீரங்கப்பட்டணத்தைப் பிடிக்கப் போயிருந்த கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் இறந்துவிட்டதாக ஒரு வதந்தி. டுவேன் கல்கத்தாவில் நடத்திய பெங்கால் ஜர்னல் அதை அச்சிட்டுவிட்டது. பத்திரிகை கைவிட்டுப் போனது. அடுத்த பத்திரிகையில் கம்பெனி அதிகாரிகளைச் சீண்டினார். 1794 கடைசியில் அடுத்த கவர்னர் ஜெனரல் ஜான் ஷோர் விசாரணையே இல்லாமல் கப்பலேற்றினார்.

1796-இல் அமெரிக்கா வந்தார்; பிறகு பிலடெல்பியாவில் 'அரோரா' பத்திரிகையில் சேர்ந்தார். அதன் ஆசிரியர் பேஷ், பெஞ்சமின் பிராங்க்ளினின் பேரன். 1798-இல் மஞ்சள் காய்ச்சல் அவரைக் கொண்டுபோக, பத்திரிகை டுவேன் கைக்கு வந்தது.

அன்றைய மர அச்சுப்பொறியை, தரங்கம்பாடி அச்சுக்கூடத்தின் கதை தெரிந்தவர்கள் ஊகிக்கலாம். தாளை முன்கூட்டியே நனைத்து வைக்க வேண்டும். காய்ந்த தாளில் மை சரியாக ஏறாது. ஒருவர் எழுத்துக்கு மை தடவ, ஒருவர் தாளை வைத்து இழுப்பார். அழுத்தும் பலகை சிறியது என்பதால் பெரிய தாளின் ஒரு பக்கத்துக்கே இரண்டு இழுப்பு. இருவரும் மூச்சுவிடாமல் உழைத்தாலும் மணிக்கு 200, 250 தாள்தான், அதுவும் ஒரு பக்கம் மட்டும்.

இவ்வளவு குறைவாக அச்சாகியும் அரோரா நாடெங்கும் பேசப்பட்டதற்கு 1792 தபால் சட்டம்தான் காரணம். 100 மைலுக்குள் ஒரு பத்திரிகைக்கு 1 சென்ட், அதைத் தாண்டினால் ஒன்றரை. ஆசிரியர்கள் தங்களுக்குள் அனுப்பிக்கொள்ளக் காசே கிடையாது. அரோரா எழுதியதைச் சின்ன ஊர்ப் பத்திரிகைகள் அப்படியே எடுத்துப் போட்டன. சந்தா பாக்கி மட்டும் வசூலாகாது. ஆசிரியர் பிழைக்க அரசாங்க அச்சு வேலை கிடைத்தாக வேண்டும்.

1800-இல், தேர்தல் முடிவையே மாற்றக்கூடிய மசோதா ஒன்றை டுவேன் வெளியிட்டார். செனட் அவமதிப்பு வழக்குப் போட்டது. துணை ஜனாதிபதி என்ற முறையில் செனட்டுக்குத் தலைமை தாங்கிய ஜெஃபர்சனே பிடிவாரண்டில் கையெழுத்திட வேண்டியதாயிற்று! டுவேன் தலைமறைவாக இருந்துகொண்டே எழுதினார். மறு வருடம் ஜெஃபர்சன் ஜனாதிபதி. டுவேன் மேல் நிலுவையில் இருந்த ராஜதுரோக வழக்கை நிறுத்தினார். ஆனால் தலைநகரம் வாஷிங்டனுக்கு மாறிவிட்டிருந்தது; கொழுத்த அச்சு வேலை அங்கே சாமுவேல் ஸ்மித்தின் 'நேஷனல் இன்டெலிஜென்சர்' பக்கம் போனது. டுவேனுக்குக் கிடைத்தது மிச்சம் மீதி. விசுவாசத்துக்கு இது மலிவான கூலி.

1811-இல் கடனில் திணறிய அவருக்காக ஜெஃபர்சன் வர்ஜீனியா நண்பர்களிடம் பணம் திரட்டப் பார்த்தார். டுவேனோ அதே சமயத்தில், ஜெஃபர்சனுக்குப் பின் ஜனாதிபதியான அதே கட்சிக்காரர் மேடிசனின் அரசைத் தாக்கிக்கொண்டிருந்தார். நண்பர்கள் கையை விரித்துவிட்டார்கள். அவருடைய விசுவாசம் ஜெஃபர்சனோடு நின்றது, கட்சிக்காரர் எல்லோருக்கும் நீளவில்லை. 1822-இல் அரோராவை விட்டார், 1835-இல் இறந்தார். மகன் வில்லியம் ஜானும் லேசுப்பட்டவரல்ல: 1833-இல் ஜனாதிபதி ஜாக்சனின் நிதியமைச்சர், அரசுப் பணத்தை 'பாங்க் ஆஃப் தி யுனைடெட் ஸ்டேட்ஸ்' வங்கியிலிருந்து எடுக்க மறுத்து நாலு மாதத்துக்குள் பதவியை இழந்தார்.