அப்பாவும் குற்றாலச் சாரலும்

ஆனி பிறந்துவிட்டால் அப்பாவின் கண் மேற்கு மலை மேலேயே இருக்கும். மேகம் இறங்கிவிட்டால், "ஞாயிற்றுக்கிழமை குற்றாலம்" என்பார். அம்மா சனி இரவே புளியைக் கரைத்துவிடுவாள்.

நெல்லையிலிருந்து தென்காசிக்கு அப்போது மீட்டர்கேஜ் ரயில். பாவூர்சத்திரம் தாண்டும்போதே காற்று குளிர்ந்துவிடும்.

அருவிக்கரையில் அப்பா எங்களை வரிசையாக உட்காரவைத்து நல்லெண்ணெய் தேய்ப்பார். உச்சந்தலையில் உள்ளங்கையால் தட்டித் தட்டி, காதுமடலுக்குப் பின்னால் கட்டைவிரலால் வழித்து, மிஞ்சியதைத் தன் முழங்காலில் தடவிக்கொள்வார். (இப்போது அருவியில் எண்ணெய்க்கும் சோப்புக்கும் தடை. அது நியாயமான தடைதான்.)

பேரருவி நேரே தலையில் விழுவதில்லை. பாறை நடுவே பொங்குமாங்கடல் என்னும் ஆழமான பள்ளத்தில் விழுந்து, வேகம் தணிந்துதான் இறங்குகிறது. அப்படியும் எனக்கு நடுங்கும். அப்பா என் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டு, "நான் இருக்கிறேன், தலையைக் கொடு" என்பார். இரைச்சலில் வாயசைவு மட்டுமே தெரியும்.

சாப்பிட்ட பிறகு சித்திர சபை, சுவரெல்லாம் ஓவியம் தீட்டிய நடராசர் மண்டபம். வீட்டில் அதிகம் பேசாத மனிதர், அங்கே சுவர் சுவராக நிறுத்திக் கதை சொல்வார். ஓவியமாக ஆடும் நடராசரை எனக்குக் காட்டிக்கொடுத்தவர் அவர்தான். அவர் போன பிறகும் அந்தச் சபைக்குள் நுழைந்தால் அவர் குரலில்தான் ஒவ்வொரு படத்தையும் பார்க்கிறேன்.