ஒன்பதாவது தூண்

எடை போட்டு எழுதுவதுதான் என் வேலையாக இருந்தது. பழைய கட்டடங்களை விலைக்கு எடுத்துப் பிரிக்கும் ஓர் ஒப்பந்தக்காரரிடம் பல வருடம் சைட் கணக்கு பார்த்தேன். இரும்பு எத்தனை டன், தேக்கு எத்தனை கன அடி, உடையாத செங்கல் எத்தனை லோடு, லாரி எத்தனை மணிக்கு வெளியே போனது. சாயங்காலம் நோட்டை மூடினால் அந்தக் கட்டடம் மனதிலிருந்தும் போய்விடும். சென்னை பெரம்பூரில் பி அண்ட் சி என்கிற பக்கிங்காம் அண்ட் கர்நாடிக் துணி மில்லில் ஒரு ஷெட்டைப் பிரித்த நாட்கள் மட்டும் அப்படிப் போகவில்லை. நான் அந்த மில்லின் நிழலில் வளர்ந்தவன். என் நைனா அங்கே தறி ஓட்டியவர்.

ஓட்டேரி, பட்டாளம், புளியந்தோப்பு என்று தனித்தனிப் பெயர் இருக்கலாம். எங்களுக்கு அது மில்லைச் சுற்றிய ஒரே ஊர். வீட்டுக்கு ஒருவர் மில்லில், இல்லையென்றால் லோகோ என்கிற ரயில்வே பணிமனையில், இல்லையென்றால் ரயில் பெட்டி செய்கிற ஐ.சி.எஃப்.பில். வாட்ச் கட்டியவர்கள் குறைவு. சங்கு ஊதினால் உலை வைப்பார்கள், சங்கு ஊதினால் பிள்ளைகளைக் குளிப்பாட்டுவார்கள். ஷிப்ட் விட்டால் தெரு முழுக்க சைக்கிள் மணிதான். வருகிறவர்களின் தலையிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியிருக்கும். வேலைக்குப் போய்வந்தால் எல்லா அப்பாக்களுக்கும் முடி நரைத்துவிடும் என்று சின்ன வயதில் நினைத்திருந்தேன்.

மில் 1996இல் மூடப்பட்டது. அப்புறம் பல வருடம் சினிமாக்காரர்கள் அங்கே செட் போட்டுச் சண்டைக் காட்சி எடுத்தார்கள். டிவியில் அந்த இடம் வந்தால் நைனா கதாநாயகனைப் பார்க்க மாட்டார். பின்னால் தெரியும் சுவரைப் பார்த்து, “இது வீவிங்கு, இது டை ஹவுசு” என்று நெசவு ஷெட்டையும் சாயம் போடும் இடத்தையும் சொல்லிக்கொண்டே இருப்பார். அவர் சத்தம் போட்டுத்தான் பேசுவார். நெசவு ஷெட்டில் நூற்றுக்கணக்கான தறி ஒரே சமயத்தில் அடிக்கிற ஓசையில் முப்பது வருடம் நின்றவர்களுக்குக் காது பாதிதான் மிஞ்சும். அந்த ஷெட்டுக்குள் வாயைத் திறந்து பேசி யாரும் பார்த்ததில்லையாம். உதட்டசைவு, கை ஜாடை, அவ்வளவுதான். அந்தக் கை ஜாடை எங்கள் வீட்டுச் சாப்பாட்டிலும் இருந்தது. சோறு போதும் என்றால் கையைத் தரைக்கு நேராக ஒரு வெட்டு வெட்டுவார். தறியை நிறுத்து என்பதற்கும் அதே ஜாடைதான்.

ஷெட்டைப் பிரிக்க ஆரம்பித்த முதல் நாளே கேட்டில் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். எல்லோரும் அறுபது எழுபதைத் தாண்டியவர்கள். பெயர் கேட்டால் டிபார்ட்மென்டையும் டோக்கன் நம்பரையும் சேர்த்துச் சொன்னார்கள். ஒருவர் ஒரு செங்கல் கேட்டார். இன்னொருவர், “நூல் சுத்துற பாபின் ஏதாவது கெடைச்சா எடுத்து வைப்பா தம்பி” என்றார். ஒரு அம்மா எதுவும் கேட்கவில்லை. மதிய நேரத்தில் மில்லுக்குச் சோற்றுக்கூடை சுமந்தவர் அவர். எந்தத் திண்ணையில் கூடையை இறக்குவாரோ அந்த இடத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போனார்.

அந்த மதியச் சாப்பாட்டிலிருந்துதான் எங்கள் ஊரின் பெரிய கதையும் தொடங்குகிறது. பக்கிங்காம் மில் 1870களில் வந்தது, கர்நாடிக் மில் 1880களில். 1918இல் இரண்டிலும் சேர்த்துச் சுமார் 10,000 பேர் வேலை செய்தார்கள். சாப்பாட்டுக்கு விட்ட நேரம் அரை மணி. கை கழுவி, நாலு வாய் விழுங்கி, கேட் மூடுவதற்குள் ஓடி வர வேண்டும். பிந்தினால் கூலி போச்சு. செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் போய், அன்னி பெசன்ட்டோடு இருந்த பி.பி. வாடியாவைக் கூட்டிவந்தார்கள். திரு.வி.க.வும் சேர்ந்துகொண்டார். 1918 ஏப்ரல் 27இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் அதுதான் என்பார்கள். கேட்டில் நின்ற பெரியவர்கள் அதை நேற்று நடந்த மாதிரி சொன்னார்கள். தாத்தா அப்பாவுக்குச் சொல்லி, அப்பா இவர்களுக்குச் சொன்னது.

1921ஐப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்த வருட வேலைநிறுத்தம் மாதக்கணக்கில் நீண்டது. வேலைக்குப் போனவர்கள், போகாதவர்கள் என்ற பிளவு சாதிப் பிளவாகவும் ஆனது. புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. துப்பாக்கிச் சூடும் நடந்தது. இதையெல்லாம் நான் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். கேட்டில் அன்று பக்கத்துப் பக்கத்தில் நின்றவர்களின் தாத்தாக்கள் அந்த நாட்களில் எதிரெதிராக நின்றிருக்கலாம். சங்கம் பிறந்த கதையைச் சொல்கிற ஊர் இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்தக் குடிசைகளும் இந்த மில்லை நம்பி எழுந்தவைதானே?

சரி, ஷெட்டுக்கு வருகிறேன். நெசவு ஷெட்டின் கூரை ரம்பப்பல் மாதிரி வரிசையாக ஏறி இறங்கும். ஒவ்வொரு பல்லிலும் வடக்குப் பார்த்த சரிவில் மட்டும் கண்ணாடி. வெயில் நேராக உள்ளே விழாது, நிழல் விழாத வெளிச்சம் வரும். நூல் அறுந்தால் நெசவாளி கண்ணுக்கு உடனே தெரிய வேண்டும் என்பதற்காக அப்படிக் கட்டுவார்கள். கூரையைத் தாங்கியவை வார்ப்பிரும்புத் தூண்கள். சிலவற்றின் தலைமாட்டில் பெல்ட் போட்டுத் தறி ஓட்டிய காலத்து பிராக்கெட் அப்படியே இருந்தது. கண்ணாடியை இறக்கி, ஓடுகளை இறக்கி, தூண்கள் மட்டும் மொட்டையாக நின்ற அன்று மத்தியானம் நைனா வந்தார்.

நான் அவரை வரச் சொல்லவில்லை. கேட்டில் டோக்கன் நம்பரைச் சொல்லிக்கொண்டு நின்றிருக்கிறார். என் அப்பா என்று தெரிந்ததும் உள்ளே விட்டார்கள். தலையில் ஹெல்மெட்டை மாட்டிவிட்டேன். என்னைக் கவனிக்காமல் நேராக நடந்தார். வாசலிலிருந்து தூண்களை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். ஒன்பதாவது தூணில் நின்றார். அங்கிருந்து வலது பக்கம் மூன்று எட்டு வைத்தார். குனிந்து கையால் மண்ணைத் தள்ளினார். தரையில் நாலு ஓட்டை. தறியின் கால்களை முடுக்கிய போல்ட் இருந்த இடம். சுற்றிலும் எண்ணெய் ஊறி ஊறித் தரை தார் மாதிரி கறுத்திருந்தது. அதற்கு முன்னால் தரை கொஞ்சம் பளபளவென்று, மற்ற இடத்தைவிட ஒரு நூல் தாழ்ந்து இருந்தது. அந்த இடத்தில் நாலைந்து பேர் வேலை பார்த்திருப்பார்கள். அவருக்கு முன்னால் யாரோ, ஷிப்ட் மாறினால் வேறு யாரோ. அத்தனை பேர் காலும் தேய்த்த பள்ளம் அது.

நைனா செருப்பைக் கழற்றிவிட்டு அதில் ஏறி நின்றார். வலது கை தானாக இடுப்பளவில் முன்னே போய் நின்றது. தறியை ஓட விடுகிற கைப்பிடி அங்கேதான் இருந்திருக்க வேண்டும்.

“இங்கதான்டா” என்றார்.

அவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதே இல்லை. வீட்டில், தெருவில், ஆஸ்பத்திரியில்கூட உரக்கப் பேசுகிற மனிதர். எந்தச் சத்தத்தை ஜெயிக்க இத்தனை வருடம் கத்தினாரோ, அந்தச் சத்தம் நின்றுபோன இடத்தில் குரலை இறக்கிவிட்டார். அப்புறம் ஒவ்வொன்றாகச் சொன்னார். பதிலியாகச் சேர்ந்து, பெயர் கூப்பிடுவார்களா என்று கேட்டில் காத்திருந்த காலைகள். காக்கி டிரில் துணி ஓட்டும்போது பாவு நூல் எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பது. போலீஸ்காரர் சட்டையைப் பார்த்தால் நம்ம தறியில் வந்ததாக இருக்குமோ என்று நினைப்பாராம். நான் பிறந்த செய்தி வந்தபோது மேஸ்திரி பக்கத்தில் வந்து, கையைத் தொட்டில் மாதிரி ஆட்டிக் காட்டியதும் இதே இடத்தில்தான். ஆணா பெண்ணா என்று இவர் ஜாடையில் கேட்க, மேஸ்திரி மீசையை முறுக்கிக் காட்டினாராம்.

எனக்கு அது அதுவரை தெரியாது. நான் இந்த உலகத்துக்கு வந்த சேதியை என் அப்பா ஒரு கை ஜாடையாகத்தான் முதலில் கேட்டிருக்கிறார், நான் நோட்டும் பேனாவுமாக நின்ற அந்தத் தரையில்.

ஊர்க்காரர்கள் என்னிடம் கட்டடம் போகிறதே என்று வருத்தப்பட்டபோதெல்லாம் நான் கோபுரம் போன்ற புகைபோக்கியையும் சிவப்புச் சுவரையும் நினைத்துக்கொண்டேன். அவர்கள் தேடி வந்தது அதையல்ல. ஒவ்வொருவருக்கும் உள்ளே ஓர் இடம் இருந்தது, ரெண்டு பாதம் வைக்கிற அளவு. மில் என்று அவர்கள் சொன்னது அதைத்தான். அது தெரியாமல் எத்தனை கட்டடங்களில் எத்தனை தரைகளை லோடு கணக்கில் எழுதி அனுப்பியிருப்பேன் என்று அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

மறுநாள் அந்த வரிசையை இறக்கினோம். மற்ற தூண்களுக்கு எடையை மட்டும் எழுதினேன். ஒன்பதாவதற்கு எதிரே நைனாவின் டோக்கன் நம்பரையும் எழுதினேன். சாயங்காலம் நோட்டைப் பார்த்த ஒப்பந்தக்காரர், “இது என்ன நம்பர்?” என்றார்.

“அங்க நின்ன ஆளோட நம்பர் சார்” என்றேன்.

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சரி என்று கீழே கையெழுத்துப் போட்டார்.