பாவு வேறு, ஊடை வேறு: பட்டைக் கொளுத்திப் பார்க்கும்போது

புடவையில் ஓர் இழையை உருவிக் கொளுத்தி, முடி கருகும் வாடை வந்தால் பட்டு. சோதனை சரிதான், எந்த இழையை உருவுகிறோம் என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

முந்தானை ஓரத்தில் குஞ்சமாகத் தொங்குவது புடவையின் நீளவாக்கில் ஓடும் பாவு நூல். கைக்கு எட்டும் என்பதால் அதைத்தான் எல்லோரும் பிய்ப்பார்கள். பாவில் பட்டும், குறுக்கே ஓடும் ஊடையில் பாலியெஸ்டரும் ஓட்டி நெய்த புடவை அங்கே சுலபமாகத் தேறிவிடும். ஊடை வேண்டுமானால் ரவிக்கைத் துண்டின் வெட்டிய ஓரத்தில், ஓரத்தோடு இணையாக ஓடும் இழையை ஊசிமுனையால் கிளப்பி உருவ வேண்டும். கோர்வைப் புடவையில் உடலுக்கும் கரைக்கும் தனித்தனி ஊடை, ஆகவே இரண்டிலும் எடுங்கள்.

ஒற்றை இழை கண்சிமிட்டுவதற்குள் தீர்ந்துவிடும், வாடைகூடப் பிடிபடாது. பத்துப் பதினைந்து இழைகளை இரண்டு அங்குல நீளத்துக்குச் சேர்த்து முறுக்கி, இடுக்கியில் பிடித்து, பீங்கான் தட்டின்மேல் காட்டுங்கள். தீக்குச்சி வேண்டாம், கந்தக நெடி மூக்கைக் கெடுத்துவிடும். மெழுகுவர்த்தி போதும். பக்கவாட்டில் மெல்லக் கொண்டுபோங்கள்.

பட்டு சுருண்டு நிதானமாக எரியும். சுடரை விட்டு எடுத்ததும் பெரும்பாலும் தானே அணையும். நுனியில் கட்டும் கறுப்பு மணியை நசுக்கினால் பொடியாகிவிடும். பாலியெஸ்டர் தீ தொடும் முன்பே பின்வாங்கும். பிறகு கரும்புகையோடு உருகிச் சொட்டும். ஆறிய மணி நகத்தால் அழுத்தினாலும் அசையாது. அந்தச் சொட்டு தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும், அதனால்தான் இடுக்கி. பருத்தியில் காகிதம் எரியும் வாடை. சுடர் அணைந்த பிறகும் கங்கு ஊர்ந்துகொண்டிருக்கும், சாம்பல் ஊதினால் பறக்கும். பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்த டெரிகாட்டனிலும் காகித வாடை வரும், ஆனால் சாம்பலைத் தேய்த்தால் விரலில் கட்டிகள் நெருடும்.

நெருப்பையே ஏமாற்றுவது விஸ்கோஸ். மரக்கூழில் செய்யும் நூல் அது. பருத்தியைப் போல அதுவும் செல்லுலோஸ்தான் என்பதால் அப்படியே எரியும். இங்கே தண்ணீர்தான் கைகொடுக்கும். நூலின் நடுவில் மட்டும் ஒரு சொட்டு வைத்து இரு முனைகளையும் இழுங்கள். நனைந்த இடத்திலேயே அறுந்தால் விஸ்கோஸ். ஈரத்தில் அதன் வலு ஏறக்குறையப் பாதியாகிவிடும். பருத்திக்கு ஈரத்தில் வலு கூடும், காய்ந்த பக்கம்தான் அறும்.

மோதிரத்துக்குள் புடவையை நுழைத்துக் காட்டுவதெல்லாம் வெறும் வேடிக்கை. மெல்லிய நைலானும் நுழையும், கனத்த காஞ்சிப் பட்டு திணறும். ‘ஆர்ட் சில்க்’ என்ற சீட்டைப் பார்த்துக் கலை என்று நினைத்துவிடாதீர்கள், அது ‘ஆர்டிஃபிஷியல்’ என்பதன் சுருக்கம்.

சந்தேகம் தீரவில்லையா? துணி வெளுக்கும் குளோரின் பிளீச்சில் ஒரு துண்டு நூலைப் போடுங்கள். பட்டும் கம்பளியும் கரைந்துபோகும். பருத்தி, விஸ்கோஸ், பாலியெஸ்டர் அப்படியே கிடக்கும். கழிவறை கழுவும் அமிலம் அதோடு கலந்துவிடக் கூடாது, நச்சு வாயு கிளம்பும்.

கடையில் கொளுத்த விடமாட்டார்கள். அங்கே பார்க்க வேண்டியது மத்தியப் பட்டு வாரியத்தின் முயற்சியில் 2004-இல் வந்த சில்க் மார்க் சீட்டு. அது பட்டு நூலுக்குத்தான் சான்று, ஜரிகைக்கு அல்ல. அசல் ஜரிகையில் வெள்ளிக் கம்பியைச் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரியும். போலியிலும் நூலுக்குச் சிவப்புச் சாயம் ஏற்றலாம் என்பதால், அந்த உள்நூலையும் ஒரு முறை சுடரில் காட்டிவிடுங்கள்.